நல்ல நிலையில் பெறப்பட்டது

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போவோம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் முதல் கேள்வியே "பாட்டில் கொண்டாந்தியா?" என்பதுதான். பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மிக்ஸ்சரை ஊற்றித் தருவார்கள். மாத்திரை என்றால் ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பாவிலிருந்து கையால் எண்ணி, பழைய காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். அது என்ன மாத்திரை, எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாதம் காலாவதி என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை.

இன்று அதே ஜன்னலில் ஸ்ட்ரிப்பாகத் தருகிறார்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, இது அரசு மருந்து, விற்பனைக்கு அல்ல என்கிற எச்சரிக்கை எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. காகிதப் பொட்டலம் ஸ்ட்ரிப்பாக மாறிய கதையில் ஒரு கணக்கு வழக்கின் கதையும் ஒளிந்திருக்கிறது. நான் அரசுத் தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அந்தக் கதையின் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன். பெருமைப்படும்படி நின்றேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

எண்பதுகளில் ஆஸ்பத்திரி தணிக்கை எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு பேர் கொண்ட குழுவாகப் போவோம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுப்பார்கள். டெண்டர் ஃபைல், விலைப் பட்டியல், பில், ஸ்டாக் ரெஜிஸ்டர், இண்டெண்ட் புத்தகம் எல்லாம் வந்து சேரும். ஒப்பந்த விலைக்குத்தான் வாங்கினார்களா, டெண்டர் வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே கொள்முதலை நாலாகப் பிரித்தார்களா, மார்ச் மாதக் கடைசியில் பணம் காலாவதியாகிவிடுமே என்று தேவையில்லாத மருந்தை வாங்கிக் குவித்தார்களா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் ஹாஃப் மார்ஜின் மெமோ. தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் எங்கள் கேள்வி, மறுபக்கம் அவர்கள் பதில். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அது ஆய்வறிக்கையில் 'பாரா' ஆகும்.

மருந்து பில் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். "நல்ல நிலையில் பெறப்பட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது" என்பது அதன் பொருள். கீழே ஸ்டோர் பொறுப்பாளரின் கையெழுத்து, பதிவேட்டின் பக்க எண். அந்த ஸ்டாம்ப் இல்லாவிட்டால் கருவூலத்தில் பில் பாஸாகாது. எங்களுக்கும் அதுதான் சாட்சி. ஸ்டாம்ப் இருக்கிறதா, பக்க எண் சரியா, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பச்சை மையில் ஒரு டிக். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான டிக் போட்டிருக்கிறேன்.

1988-ல் தென்மாவட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருந்த மருந்தாளுநர் என்னைவிட இருபது வயது மூத்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை. கேட்ட ரெஜிஸ்டரைக் கேட்ட நிமிடத்தில் எடுத்துத் தருகிற மனிதர். அவருடைய கணக்கில் எனக்கு ஒரு மீன் சிக்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பாம்புக்கடி மருந்தை உள்ளூர் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மூன்று தடவை சில்லறையாக வாங்கியிருந்தார். ஒப்பந்த விலையைவிட அதிகம். கொட்டேஷன் இல்லை, முன் அனுமதி இல்லை. வித்தியாசத் தொகை 2,140 ரூபாய். மெமோ போட்டேன்.

அவர் பதிலை எழுதுவதற்கு முன் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், ஒப்பந்தக் கம்பெனிக்கு மூணு லெட்டர் போட்டேன். பழைய பில்லுக்கே பணம் வரலே, புதுச் சரக்கு எப்படி அனுப்புறதுன்னு கேக்குறான். நீங்க மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. பாம்பு கடிச்சவன் அன்னிக்கு ராத்திரியே வந்துட்டான்."

"எழுத்தில் கொடுங்கள் சார்" என்றேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவர் எழுத்தில் கொடுத்தார். போகும்போது மேஜையில் கிடந்த ஒரு பில்லைத் திருப்பி, ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார்.

"இதுக்கு மெமோ போட மாட்டீங்களா சார்? நல்ல நிலையில் பெறப்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். டப்பா உடையலே, மாத்திரை வெள்ளையா இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பம்பாயிலேயும் இப்படித்தானே ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான்?"

அவர் சொன்ன பம்பாய் விவகாரம் அப்போது பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. 1986 ஜனவரி, பிப்ரவரியில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கிளிசரின்தான் காரணம். மூளையிலும் கண்ணிலும் அழுத்தத்தைக் குறைக்கக் கிளிசரின் கொடுப்பது அன்றைய வழக்கமான சிகிச்சை. ஆனால் ஸ்டோருக்கு வந்திருந்தது மருந்துத் தரக் கிளிசரின் அல்ல. தொழிற்சாலைகளில் பயன்படுவது, அதிலும் டை எத்திலீன் கிளைகால் கலந்தது. பார்வைக்கும் சுவைக்கும் கிளிசரின் போலவே இருக்கும். உள்ளே போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

விசாரிக்க மகாராஷ்டிர அரசு நீதிபதி லெண்டின் தலைமையில் ஆணையம் அமைத்தது. அந்த அறிக்கை ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும், அமைச்சர்களையும்கூட விட்டுவைக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், ஒரு திரவம் உற்பத்தியாளரிடமிருந்து நோயாளியின் வாய் வரைக்கும் பல கைகள் மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு காகிதம் இருந்தது. திரவத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் உரிய நேரத்தில் பார்க்கவில்லை. ஆட்கள் இறந்த பிறகுதான் அது சோதனைக்கூடத்துக்குப் போனது.

இதையெல்லாம் நானும் படித்திருந்தேன். ஆனால் அதை என் பச்சை டிக்கோடு சேர்த்து யோசித்ததில்லை. மெமோ பாரா ஆனது. ஆய்வறிக்கை போனது. நாங்கள் அடுத்த ஊருக்குப் போனோம்.

நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது. மத்திய அரசு 1974-ல் அமைத்த ஹாத்தி குழு 1975-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. நாட்டுக்கு உண்மையில் தேவைப்படுகிற மருந்துகள் நூற்றுச் சொச்சம்தான், அவற்றைக் கம்பெனிப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் வாங்கலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். 1977-ல் உலக சுகாதார நிறுவனமும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. பட்டியல் சிறிதாக இருந்தால் மொத்தமாக வாங்கலாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், பரிசோதிக்கவும் முடியும். இது மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு. அரசு அலுவலகத்துக்குள் நுழைய அதற்கு இருபது ஆண்டு பிடித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் மாநிலத்து மருந்துக் கொள்முதல் பற்றியும் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. அதன் பிறகு, 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஓர் அரசு நிறுவனமாகப் பதிவாயிற்று. 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. முதல் மேலாண்மை இயக்குநர் ஆர். பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். இன்னொரு வாரியம், இன்னும் நாலு நாற்காலி என்றுதான் எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். அரசு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தே சலித்தவர்கள் நாங்கள், வேறெப்படிப் பேசுவோம்?

1998-ல் அதே தென்மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போக நேர்ந்தது. பழைய மருந்தாளுநர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் இளைஞர் ஒருவர். மருந்து பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். "பில் எல்லாம் சென்னையில சார். எங்ககிட்ட பாஸ்புக்தான்" என்று நிஜமாகவே ஒரு பாஸ்புக்கை நீட்டினார்.

போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய மருந்துத் தொகை அதில் வரவு. மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க, அதன் மதிப்பு பற்று. மிச்சம் எவ்வளவு என்று எந்த நாளும் தெரியும். தேவைப்படாத மருந்தைக் கம்பெனிக்காரன் தலையில் கட்ட முடியாது, ஏனென்றால் அவனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரடி வியாபாரமே இல்லை. எடுக்காத மருந்துக்குப் பற்றும் இல்லை. மார்ச் மாத அவசரத்துக்கும் வேலை குறைவு.

அன்று மாலை மாவட்டக் கிடங்கையும் போய்ப் பார்த்தேன். வேலையாகப் போகவில்லை, ஆசைக்காகப் போனேன். பெட்டிகள் பலகை மேல் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரு பகுதியில் வந்த சரக்கு தனியாக நின்றது. "அது இன்னும் பாஸாகலே சார், தொடக் கூடாது" என்றார் கிடங்குக்காரர். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது.

முறை இதுதான். அன்று மாநிலம் முழுவதுக்கும் 300-க்கும் குறைவான மருந்துகள் கொண்ட ஒரே பட்டியல். எல்லாம் மூலப்பெயரில். டெண்டருக்கு இரண்டு கவர். முதல் கவரில் கம்பெனியின் யோக்கியதை: உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, அந்த மருந்தைச் செய்து விற்ற அனுபவம், விற்றுமுதல். அதில் தேறியவர்களுக்கு மட்டும்தான் இரண்டாவது கவரான விலைக் கவரைப் பிரிப்பார்கள். குறைந்த விலை ஜெயிக்கும், ஆனால் யோக்கியதை இல்லாதவனின் குறைந்த விலை மேஜைக்கே வராது. சரக்கு நேராக மாவட்டக் கிடங்குகளுக்குப் போகும். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். சென்னையில் அந்த மாதிரியின் மேலிருந்து கம்பெனியின் பெயரை மறைத்து, ஒரு ரகசிய எண் கொடுத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. தேறியதாக முடிவு வந்த பிறகுதான் கிடங்கிலிருந்து அந்தப் பேட்ச் நகரும், கம்பெனிக்குப் பணமும் நகரும். தேறாவிட்டால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது தொடர்ந்தால் கறுப்புப் பட்டியல்.

இதில் தணிக்கைக்காரன் கண்ணுக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று, "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்கிற வாசகம் ஸ்டோர்க்காரரின் ரப்பர் ஸ்டாம்பிலிருந்து சோதனைக்கூடத்தின் அறிக்கைக்கு இடம் மாறிவிட்டது. மாத்திரையின் வெளியை மட்டும் பார்க்கக்கூடியவர் உள்ளுக்கும் சேர்த்து உறுதி சொல்ல வேண்டிய கட்டாயம் தீர்ந்தது.

இரண்டு, பணம். சோதனை முடிவு வராமல் பணம் இல்லை. முடிவு வந்தபின் பணத்தை இழுத்தடிக்கவும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை நாங்கள் பல காலம் கவனித்ததே கிடையாது. பில்லை அதிக விலைக்குப் பாஸ் செய்தால் அது தணிக்கைக் குற்றம். ஒரு வருடம் கழித்துப் பாஸ் செய்தால் யாரும் கேட்க மாட்டோம். ஆனால் பணம் எப்போது வருமென்று தெரியாத வியாபாரி என்ன செய்வான்? வட்டியை விலையில் ஏற்றுவான். பில்லை நகர்த்தக் கொடுக்க வேண்டியதையும் ஏற்றுவான். இல்லாவிட்டால், அவசரமான நேரத்தில் சரக்கை நிறுத்திக்கொள்வான். தாமதமாகக் கொடுக்கிற பணமும் ஒரு விலைதான். அது பில்லில் தெரியாத விலை. பணம் தேதிப்படி வரும் என்ற நம்பிக்கை பிறந்ததும், மொத்தமாக வாங்குகிற பலமும் சேர்ந்துகொள்ள, பல மருந்துகளை வெளிக்கடை விலையில் ஒரு சிறு பங்குக்கே அரசால் வாங்க முடிந்தது.

அன்று இளைஞர் இன்னொன்றையும் சொன்னார். மருந்துக்கான ஒதுக்கீட்டில் 90 சதவீதம் கழகத்தின் வழியாக, மீதி 10 சதவீதம் அந்தந்த ஆஸ்பத்திரியின் கையில். எதற்கு என்று கேட்டேன். "திடீர்னு ஏதாவது தீர்ந்துபோச்சுன்னா வெளியே வாங்கிக்க சார். ராத்திரி பாம்புக்கடி வந்தா லெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா?" என்றார். அவருக்கு என் பழைய மெமோ பற்றி எதுவும் தெரியாது. யதேச்சையாகச் சொன்ன உதாரணம்தான்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நான் குற்றமாக எழுதியது, இப்போது விதியாகவே எழுதப்பட்டிருந்தது.

பழைய மருந்தாளுநரைப் பற்றி விசாரித்தேன். அந்த பாராவால் அவருடைய ஓய்வூதியப் பலன்களில் ஒரு தொகையைத் துறையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு கழித்துத்தான், விளக்கம் ஏற்கப்பட்டு, பாரா டிராப் ஆகி, பணம் கைக்கு வந்திருக்கிறது. "அதுக்காக ஆபீசுக்கு நடையா நடந்தாரு சார்" என்றார் வார்டில் இருந்த மூத்த நர்ஸம்மா. மகள் ஊருக்குப் போய்விட்டாராம். விலாசம் வாங்கி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அன்று நினைத்தேன். எழுதவில்லை.

விதிப்படி பார்த்தால் என் மெமோவில் தவறில்லை. கொட்டேஷன் இல்லை என்பது உண்மை, அதிக விலை என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒப்பந்தக் கம்பெனி ஏன் சரக்கு அனுப்பவில்லை? அவனுடைய பில் ஏன் இத்தனை மாதம் கிடந்தது? எந்த மேஜையில் கிடந்தது? அந்த மேஜைக்கு மெமோ போட்டிருந்தால் அது தணிக்கை. நான் கையெழுத்து இருந்த இடத்தில் ஆளைப் பிடித்தேன். கையெழுத்தே போடாமல் காலம் கடத்தியவர்கள் எங்கள் கண்ணில் படவே இல்லை.

கழகம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இன்றும் சில நாள் "இந்த மாத்திரை இல்லே, வெளியே வாங்கிக்கோங்க" என்று கேட்கத்தான் செய்கிறோம். சோதனை என்பது மாதிரியைச் சோதிப்பதுதான், ஒவ்வொரு மாத்திரையையும் அல்ல. குறைந்த விலை என்கிற தராசில் எப்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. கழகமும் தணிக்கைக்கு உட்பட்டதுதான். அரசு நிறுவனம் என்பதால் அதன் கணக்குத் தணிக்கையாளரை நியமிப்பது இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். தேவைப்பட்டால் அவருடைய துறையே மேற்கொண்டு பார்க்கும். அறிக்கை சட்டமன்றத்துக்குப் போகும், அங்கே பொது நிறுவனங்கள் குழு கேள்வி கேட்கும். அந்தக் காவல் என்றும் வேண்டும். இருந்தாலும், மூன்று ஆண்டு கழித்து வருகிற தணிக்கையால் விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. அன்றாட வேலைக்குள்ளேயே தணிக்கையை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. அந்தத் தையல் பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே எங்களைப் போன்றவர்களின் வேலையாக இருக்க வேண்டும்.

பிறகு மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துச் செய்தன. கேரளத்தில் 2007-ல் இதுபோன்ற கழகம் வந்தது. ராஜஸ்தானில் 2011 காந்தி ஜெயந்தியன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்ததும் நம் கழகம்தான். கட்டிடங்களைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். ஒரு பாஸ்புக்கையும், கம்பெனிப் பெயரை மறைத்து ஒட்டிய ஒரு ரகசிய எண்ணையும் காட்டியும் பெருமைப்படலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு இப்போது ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசையில் நின்று வாங்குகிறேன். வாங்கியதும் பழக்கதோஷம், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஸ்ட்ரிப்பைத் திருப்பி பேட்ச் எண்ணையும் தேதியையும் படிப்பேன். பின்னால் நிற்பவர் "பெரியவரே, நகருங்க" என்பார். நகர்ந்துவிடுவேன். அந்த மருந்தாளுநருக்கு எழுதாத கடிதம்தான் ஒவ்வொரு மாதமும் அந்த ஜன்னலருகே ஞாபகத்துக்கு வருகிறது. இத்தனை ஆண்டு கழித்து, இதையே அந்தக் கடிதமாக வைத்துக்கொள்ளட்டும்.